விளக்கு அணைந்தது, காற்று ஏறவில்லை

வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். வெப்பமானி 102 பாகை காட்டுகிறது. வந்த வைத்தியர் பிள்ளையைத் தொட்டும் பாராமல், வெப்பமானியிலே 102 என்ற இடத்தில் ஒரு சிவப்புக் கோடு கீறி, "இதுவே இப்பிள்ளையின் சாதாரண நிலை, இதற்கு மேலே ஏறினால் மாத்திரம் என்னிடம் வாருங்கள்" என்று கூறிவிட்டுப் போகிறார். அவரை நாம் வைத்தியர் என்று சொல்வோமா? மாட்டோம். ஆனால் இதே வைத்தியத்தை நம்முடைய மோட்டார்க் கார்களுக்குச் செய்வித்து, அதற்குக் கூலியும் கொடுத்து, நன்றியும் கூறி வருகிறோம். சென்ற மாதம் என் குடும்பத்திலேயே அது நடந்தது. நடந்ததை மறையாது எழுதுகிறேன். நேயர்கள் வீட்டில் அது நடவாதிருக்கட்டும்.

எங்கள் உறவில் முதியவர் ஒருவர் இருக்கிறார். ஊரார் அனைவருக்கும் அவர் 'அப்பு'. போக்குவரத்துச் சபையின் பேருந்துகளை முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்பொழுது இரு கண்களிலும் வெண்புரை படர்ந்துவிட்டது. மகள் கொழும்பில் இருப்பதனால் அங்கேயே சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். அப்புவைத் தன் காரிலே கொண்டுசெல்ல என் மருமகன் முன்வந்தான். அவன், அவன் மனைவி, நான்கு வயதுக் குழந்தை, நான், அப்பு ஆக ஐவர்.

புறப்படுவதற்கு முதல்நாள் மாலை, காரின் முகப்பிலே ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. குதிரை லாடம் போன்ற ஒரு வளைவு; அதற்குள்ளே ஓர் ஆச்சரியக்குறி; கூடவே யப்பானிய எழுத்தில் ஒரு வரி. பாவித்த வாகனமாக யப்பானிலிருந்து வந்த கார் ஆதலால், அவ்வரி சொன்னது என்னவென்று மருமகனுக்கு விளங்கவில்லை. வேலை முடிந்து வரும் வழியில் ஒரு கராச்சில் காட்டினான். அங்கு நின்ற இளைஞர் ஸ்டியறிங்கின் கீழே கையை விட்டு ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தார். விளக்கு மூன்று முறை கண்சிமிட்டிவிட்டு அணைந்தது. ஒருவரும் ரயரைத் தொட்டுப் பார்க்கவில்லை. மருமகன் மகிழ்ச்சியோடு வீடு வந்து சேர்ந்தான்.

மறுநாள் விடியற்காலை இருளிலே பெட்டிகளை ஏற்றினோம். அப்பு தடியை ஊன்றியபடி காரை ஒருமுறை சுற்றி வந்து, ஒவ்வொரு சில்லையும் காலால் மெல்ல உதைத்துப் பார்த்தார்.

"தம்பி, இடப்பக்கத்துப் பின்சில்லு கொஞ்சம் இருந்துபோன மாதிரிக் கிடக்கு. காத்துப் பாத்தனியே?"

"நேற்றே கராச்சிலை காட்டினனான், அப்பு. விளக்கும் நிண்டிட்டுது. இப்பத்தைக் கார் தன்ரை காத்தைத் தானே பாக்கும்."

அப்பு மேலே பேசவில்லை. கண் தெரியாத முதியவரின் காலை நம்புவதா, யப்பானியரின் யந்திரத்தை நம்புவதா என்று எண்ணி நானும் பேசாதிருந்தேன். அந்த மௌனத்துக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

நாவற்குழி, சாவகச்சேரி, ஆனையிறவு எல்லாம் கடந்தோம். வெளி வெளுத்ததும் வேகமும் கூடியது. கிளிநொச்சியைத் தாண்டி முறிகண்டியில் நிறுத்தினோம். அவ்வீதியால் செல்வோர் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு செல்வது நம் நாட்டுப் பழைய வழக்கம் அல்லவா? குழந்தை கச்சான் கேட்டு அழுதுகொண்டிருந்தபோது, அப்பு தம் பழைய தொழில் வழக்கப்படி ஒவ்வொரு சில்லாகக் கையை வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். இடப்பக்கத்துப் பின்சில்லில் வைத்த கையைச் சட்டென்று எடுத்துவிட்டார்.

"தம்பி, இஞ்சை வந்து இதிலை கையை வைச்சுப் பார்."

மருமகன் வைத்தான், நானும் வைத்தேன். மற்ற மூன்றும் வெதுவெதுப்பாக இருந்தன. இதுவோ அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி போல் இருந்தது. அண்மையில் இருந்த கடையொன்றில் காற்றுமானி வாங்கிப் பார்த்தோம். சதுர அங்குலத்துக்கு 32 இறாத்தல் இருக்கவேண்டிய ரயரில் 18 இறாத்தலே இருந்தது. அதுவும் சூடேறிய நிலையில். சில்லைக் கழற்றியபோது ரயரின் முகத்தில் ஓர் ஆணி தலைவரை புதைந்திருக்கக் கண்டோம். ரயரை வளையத்திலிருந்து பிரித்த கடைக்காரர், உள்ளே கையை விட்டுத் துழாவி, விரல்களை எமக்குக் காட்டினார். கரித்தூள் போன்று இறப்பர்ப் பொடி. உட்சுவர் அரைபட்டுத் தூளாகிக் கொண்டிருந்தது. "இதுக்கு ஒட்டுப் போடக்கூடாது, ஐயா. இன்னும் கொஞ்சத்தூரம் ஓடியிருந்தால் வெடிச்சிருக்கும்" என்றார். முகப்பில் அந்த மஞ்சள் விளக்கு அப்பொழுதும் எரியவில்லை.

விளக்கு ஏன் எரியவில்லை?

இக்கேள்விக்கு விடை தெரிந்துகொண்டால், அந்தப் பொத்தானை எப்பொழுது அழுத்தலாம், எப்பொழுது அழுத்தலாகாது என்பது தானே விளங்கும்.

ரயரின் காற்றைக் கண்காணிக்கும் முறைகள் இரண்டு. முதலாவது நேர்முறை. ஒவ்வொரு சில்லின் உள்ளேயும், காற்று அடிக்கும் வால்வின் அடியிலே, சிறிய உணரி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அது உள்ளே இருக்கும் அமுக்கத்தை அளந்து, வானொலி அலை மூலம் காருக்கு அறிவிக்கும். இதற்குத் தனியே ஒரு சிறு மின்கலம் உண்டு. அதன் ஆயுள் பொதுவாக ஐந்து முதல் பத்து ஆண்டு. பெரும்பாலானவற்றில் மின்கலத்தை மாத்திரம் மாற்ற இயலாது, உணரியையே மாற்றவேண்டும்.

இரண்டாவது மறைமுறை. இதிலே காற்றை அளக்கும் கருவியே இல்லை! பிறேக் பிடிக்கும்போது சில்லுகள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்புக்காக, ஒவ்வொரு சில்லின் சுழற்சியையும் எண்ணும் உணரிகள் ஏற்கெனவே காரில் இருக்கின்றன. காற்றுக் குறைந்த ரயர் சற்றே அமர்ந்து, அதன் ஆரை சிறிது குறைகிறது. ஆரை குறைந்த சில்லு, அதே தூரத்தைக் கடக்க மற்றவற்றிலும் சில சுற்றுக்கள் கூடுதலாகச் சுழலவேண்டும். சுமார் 61 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சிறிய கார்ச் சில்லு ஒன்று, ஒரு கிலோமீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 520 முறை சுழலும். அதன் ஆரை நூற்றுக்கு அரைவீதம் குறைந்தால், கிலோமீற்றருக்கு இரண்டு மூன்று சுற்றே கூடும். அந்த இரண்டு மூன்று சுற்றைக் கணக்கிட்டுத்தான் கார் விளக்கை ஏற்றுகிறது.

இங்கேதான் பொத்தானின் இரகசியம் இருக்கிறது. எந்தச் சுழற்சி சரியானது என்று காருக்குப் பிறவியிலே தெரியாது, நாம் கற்பிக்கவேண்டும். அந்தப் பொத்தான் விளக்கை அணைக்கும் பொத்தான் அன்று. "இப்பொழுது என் ரயர்கள் இருக்கும் நிலையே சரியான நிலை, இதை மனத்தில் வைத்துக்கொள்" என்று காருக்கு நாம் கொடுக்கும் வாக்குமூலம் அது. ஆணி ஏறிக் காற்று இறங்கிய நிலையில் அதை அழுத்தினால் பொய்ச்சாட்சி சொன்னவர்கள் ஆகிறோம். கார் நம்மைச் சந்தேகிக்காது. குறைந்த நிலையையே நிறைந்த நிலையாகக் கொண்டு, அதிலிருந்து இன்னும் வெகுவாகக் குறைந்தாலன்றி மறுபடியும் வாய் திறக்காது. வெப்பமானியில் 102க்குக் கோடு கீறிய வைத்தியர் கதை இதுவே.

வெப்பம் செய்யும் கேடு

காற்றுக் குறைந்த ரயர் ஏன் இவ்வளவு ஆபத்து? ஒரு கம்பியை எடுத்து இப்படியும் அப்படியும் பலமுறை வளைத்துப் பாருங்கள். வளையும் இடம் சுடும். காற்றுக் குறைந்த ரயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அவ்வாறே மடிந்து நிமிர்கிறது. மேலே சொன்ன கணக்கின்படி கிலோமீற்றருக்கு ஐந்நூறு தடவைக்கு மேல். பாரமும் வேகமும் வீதியின் வெப்பமும் சேரும்போது, இறப்பரும் அதன் உள்ளிருக்கும் இழைகளும் ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன. முடிவு வெடிப்பு.

இந்த விளக்கு பிறந்ததற்கும் அப்படிப்பட்ட துயரமே காரணம். உயர்ந்த விலைக் கார்களில் இக்கருவி 1986ஆம் ஆண்டளவிலேயே, போர்ஷே 959 என்ற காரில் வந்துவிட்டது. ஆனால் எல்லாருக்கும் உரியதாக அது ஆகவில்லை. 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில் பயர்ஸ்டோன் நிறுவனத்தின் ரயர்கள் சுமார் 65 இலட்சம் மீளப்பெறப்பட்டன. அவற்றுட் பல, போர்ட் எக்ஸ்புளோரர் என்ற வாகனத்தில் பூட்டப்பட்டவை. ஓடும்போதே ரயரின் மேற்பட்டை கழன்று, வாகனம் கவிழ்ந்து, 200க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு நவம்பரில் அந்நாடு ஒரு புதிய சட்டம் இயற்றியது. அதன் பயனாக, 2007ஆம் ஆண்டு செப்தெம்பர் முதல் அங்கு செய்யப்படும் புதிய கார்கள் யாவும் இவ்விளக்கோடு வரவேண்டியதாயிற்று. 2014ஆம் ஆண்டு நவம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் விற்கப்படும் புதிய கார்கள் யாவற்றுக்கும் அவ்வாறே விதியாயிற்று. அந்த மஞ்சள் விளக்கின் பின்னால் எத்தனை வீட்டு ஒப்பாரி இருக்கிறதென்று எண்ணிப் பார்த்தால், அதை அணைப்பதற்கு நம் கை கூசும்.

இன்னுமொன்று. அமெரிக்க விதியின்படி, இருக்கவேண்டிய காற்றில் நூற்றுக்கு 25 வீதம் குறைந்தால் விளக்கு எரியவேண்டும். 32 இறாத்தல் இருக்கவேண்டிய ரயரில் 24 ஆகும் வரைக்கும் அது பேசாதிருக்கலாம். மேலும், மறைமுறையின் எளிய அமைப்புக்கள் சில்லுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டே பார்ப்பவை. ஆகையால் நான்கு ரயரும் ஒரே அளவில் மெல்ல மெல்லக் காற்றை இழந்தால், அவற்றுக்கு அது தெரியாமலே போகலாம். ஆணி ஏறாத நல்ல ரயரும் மாதம் ஓர் இறாத்தல் அளவில் இயல்பாகவே காற்றை இழப்பது உண்டு. எனவே விளக்கு எரிந்தால் ஆபத்து உண்டு. எரியாவிட்டால் ஆபத்து இல்லை என்று கொள்ளலாகாது.

செய்யவேண்டிய முறை

விளக்கு எரிந்து நிலையாக நின்றால், வேகத்தை மெல்லக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி நான்கு சில்லையும் பாருங்கள். விளக்கு முதலில் ஒரு நிமிடம் அல்லது ஒன்றரை நிமிடம் சிமிட்டிவிட்டுப் பின்னர் நிலையாக எரிந்தால், பெரும்பாலான கார்களில் அது வேறு செய்தி. பழுது கண்காணிக்கும் அமைப்பில் இருக்கிறது என்பதே பொருள். நம் நாட்டிலே இது இப்பொழுது மிகுதி. 2020ஆம் ஆண்டு மார்ச் முதல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. ஆதலால் நம் வீதிகளில் ஓடும் கார்களிற் பல பத்து வயது கடந்தவை. அவற்றின் உணரிகளில் மின்கலம் ஓய்ந்துபோவது இயற்கை. ஆயினும், "உணரி பழுதாக இருக்கும்" என்று முதலிலேயே முடிவுசெய்தல் தவறு. முதலில் காற்று, பிறகுதான் கருவி.

காற்றை ரயர் குளிர்ந்திருக்கும்போது அளக்கவேண்டும். அதாவது ஓடுவதற்கு முன்பு, அல்லது ஓடி நிறுத்தி மூன்று மணித்தியாலம் கழித்து. எவ்வளவு காற்று என்பது சாரதியின் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஒட்டியிருக்கும். ரயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் எண் அது தாங்கக்கூடிய உச்ச அளவு; நாம் நிரப்பவேண்டிய அளவு அன்று. யப்பானியக் கார்களில் இந்த அளவு கிலோபஸ்கால் கணக்கில் இருக்கும். 220 என்றிருந்தால் ஏறத்தாழ 32 இறாத்தல். 240 என்றிருந்தால் ஏறத்தாழ 35 இறாத்தல் எனக் கொள்ளலாம். காரிலே ஆட்களும் பெட்டிகளும் நிறைந்திருந்தால் கூடுதலான அளவொன்று குறிக்கப்பட்டிருக்கக்கூடும், அதையும் கவனியுங்கள்.

ஒரு சில்லு மாத்திரம் மற்றவற்றிலும் குறைந்திருந்தால், காரணம் காணாமல் விடாதீர்கள். சவர்க்கார நீரைத் தடவினால் ஆணி இருக்கும் இடத்திலோ, வால்வின் அடியிலோ நுரை குமிழியிடும். முற்காலத்து ரியூப் ரயரில் ஆணி ஏறினால் அங்கேயே காற்று இறங்கிவிடும். இக்காலத்து ரியூப் இல்லாத ரயரோ ஆணியை இறுகப் பிடித்துக்கொண்டு நாட்கணக்கில் மெல்ல மெல்லக் காற்றை விடும். உபகாரம் போன்று தோன்றும் அந்தக் குணமே நம்மை ஏமாற்றுகிறது.

ஆணியை எடுத்து, ஒட்டுப்போட்டு, நான்கு ரயரையும் உரிய அளவுக்கு நிரப்பிய பின்னரே பொத்தானின் முறை வருகிறது. காரை நிறுத்திவைத்துச் சாவியைத் திருப்பி, ரயரின் குறி பொறித்த பொத்தானை விளக்கு சிமிட்டும் வரைக்கும் அழுத்திப் பிடிக்கவேண்டும். சில கார்களில் அப்பொத்தான் ஸ்டியறிங்கின் கீழும், சிலவற்றில் முகப்புப் பெட்டிக்குள்ளும் இருக்கும். சிலவற்றில் திரையிலே தெரிவுசெய்ய வேண்டியிருக்கும். அதன்பின் அரைமணி நேரமாவது ஓட்டினால்தான் கார் புதிய பாடத்தைக் கற்றுக்கொள்ளும். நேர்முறைக் கார்கள் பலவற்றில் பொத்தானே வேண்டியதில்லை. காற்றை நிரப்பிச் சிறிது தூரம் ஓட்டினால் விளக்குத் தானே அணைந்துவிடும். உங்கள் கார் எவ்வகை என்பதை அதன் கைந்நூலில் பாருங்கள். நூல் யப்பானிய மொழியில் இருந்தால், தெரிந்தவரிடம் கேட்டு ஒருமுறை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர்களுக்கு இரண்டு பயிற்சி

ஒன்று, கணக்கு. 27 பாகை சதம அளவை வெப்பநிலையில் ஒரு ரயரில் 32 இறாத்தல் காற்று இருக்கிறது. ஓட்டத்தில் அது 57 பாகைக்குச் சூடேறினால் அமுக்கம் எவ்வளவாகும்? காற்றுமானி வளிமண்டல அமுக்கத்துக்கு மேற்பட்டதையே காட்டும் என்பதை மறவாதீர்கள். வளிமண்டலத்தின் 15 இறாத்தலைச் சேர்த்தால் 47. வெப்பநிலை 300 கெல்வினிலிருந்து 330 கெல்வினுக்கு உயர்கிறது. கனவளவு மாறாது எனக் கொண்டால், 47ஐ 330ஆற் பெருக்கி 300ஆற் பிரிக்க, 51.7 வரும். 15ஐக் கழித்தால் மானியில் 36.7. ஆகவே ஓடி வந்த சூட்டில் 37 இறாத்தல் காட்டுகிறதே என்று காற்றைத் திறந்து 32க்கு இறக்கிவிட்டால், ரயர் குளிர்ந்தபின் அதில் எஞ்சுவது 28க்கும் குறைவு. இக்காரணத்தினாலேயே சுட்ட ரயரிலிருந்து காற்றைத் திறக்கலாகாது.

மற்றொன்று, செய்முறை. உங்கள் சைக்கிளின் பின்சில்லில் வால்வு கீழே வரும்படி நிறுத்தி, அந்த இடத்தில் நிலத்தில் ஒரு கோடு கீறுங்கள். தம்பியை இருக்கையில் ஏற்றி, நேராகத் தள்ளிச் சென்று, பத்துச் சுற்று முடிந்த இடத்தில் இன்னொரு கோடு கீறி, தூரத்தை அளவுங்கள். பின்னர் பாதிக் காற்றை இறக்கிவிட்டு மீண்டும் அவ்வாறே செய்யுங்கள். பத்துச் சுற்றில் சென்ற தூரம் குறுகியிருக்கக் காண்பீர்கள். காரின் மூளை செய்யும் வேலை இதுவேதான். சோதனை முடிந்ததும் காற்றை மறுபடி அடித்துவிடுங்கள். இல்லையேல் தகப்பனாரின் ஏச்சுக்கு நான் பொறுப்பில்லை!

கையும் காலும் அறிந்த கல்வி

காற்றடைத்த சில்லுக்கு 1845இலேயே ரொபேர்ட் தொம்சன் என்பவர் உரிமை பெற்றிருந்தபோதிலும், அதை உலகத்துக்குப் பயன்படச் செய்தவர் 1888இல் பெல்பாஸ்ற் நகரில் தம் மகனின் முச்சக்கர வண்டிக்கு இறப்பர்க் குழாயைச் சுற்றிக் கட்டிய மிருக வைத்தியர் டன்லொப். அன்று தொட்டு ஏறத்தாழ நூறு ஆண்டுகள், ரயரின் காற்றை மனிதனே தன் கையாலும் காலாலும் கண்ணாலும் பார்த்து வந்தான். யாழ்ப்பாணத்தார் இதில் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர். 1990க்குப் பிந்திய போர்க்காலத்திலே பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை ஓட்டியவர்கள் நாம். சைக்கிள் ரியூப்பில் ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டு, அதிலே வைத்தியசாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனவர்கள். அக்காலத்தில் எந்த விளக்கும் நம்மை எச்சரிக்கவில்லை. ஏறுமுன் ஒரு தட்டு, இறங்கியபின் ஒரு தொடுகை. அதுவே நம் கருவி. வசதி வந்ததும் அந்த வழக்கத்தைக் கைவிட்டது நம் பிழை. யந்திரத்தின் பிழை அன்று. கராச்சு இளைஞரையும் நான் குறைகூற வரவில்லை. "விளக்கை நிறுத்தித் தாருங்கள்" என்று கேட்டவர்கள் நாம். கேட்டதை அவர் கொடுத்தார். "விளக்கு ஏன் எரிகிறது என்று பாருங்கள்" என்று கேட்டிருந்தால் ஆணி அன்றைக்கே வெளியே வந்திருக்கும்.

முறிகண்டியில் மேலதிகச் சில்லைப் பூட்டிக்கொண்டு மெதுவாகவே போய், கொழும்பை மாலையிற் சேர்ந்தோம். அப்புவின் ஒரு கண்ணுக்குச் சத்திரசிகிச்சை நல்லபடி நடந்தது. திரும்பி வரும்போது முன்னிருக்கையில் ஏறி அமர்ந்தவர், முகப்பை உற்றுப் பார்த்தார்.

"ஓ, இதுவே அந்த விளக்கு? இப்ப எனக்கும் தெரியுது" என்றார். பின்பு, "எண்டாலும் தம்பி, ஒருக்கா இறங்கிச் சுத்திப் பாத்திட்டு வா" என்றார்.

மருமகன் மறுபேச்சின்றி இறங்கினான். இப்பொழுது அவன் காரில் ஒரு சிறு காற்றுமானி எப்பொழுதும் இருக்கிறது. விலை அதிகம் இல்லை. ஒரு ரயரின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. நேயர்களே, நாளை காலை வேலைக்குப் புறப்படுமுன் உங்கள் வாகனத்தையும் ஒருமுறை சுற்றி வாருங்கள்.